பெரியவர்களுக்கான ஏடிஎச்டி மருந்துகள்: எதை, யாருக்கு, ஏன்?

முப்பத்தைந்து வயதுள்ள ஒருவருக்கு ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மற்றும் மிகைச்செயல்பாட்டுக் கோளாறு இருப்பது முதன்முறையாகக் கண்டறியப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் நியூ ஜெர்சியில் இருந்தால், அவருக்கு எழுதப்படும் முதல் மருந்து ஆம்ஃபெட்டமின் வகையைச் சேர்ந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். லண்டனில் இருந்தால் லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் அல்லது மெத்தில்ஃபெனிடேட். சென்னையில் இருந்தால் மெத்தில்ஃபெனிடேட் அல்லது அட்டமாக்ஸெட்டின். ஆம்ஃபெட்டமின் என்ற பேச்சே அங்கு எழாது. அறிகுறிகள் மூன்று ஊர்களிலும் ஒன்றுதான். மாறுவது சட்டமும், மருந்துக்கடையில் கிடைக்கும் சரக்கும், அந்தந்த நாட்டு மருத்துவர்களின் பழக்கமும். இணையத்தில் இம்மருந்துகளைப் பற்றித் தேடும் தமிழ் வாசகர் பெரும்பாலும் அமெரிக்க அனுபவங்களையே படிக்கிறார். அவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளூர் மனநல மருத்துவரைப் பார்க்கச் செல்கையில், தான் படித்ததற்கும் தனக்கு எழுதித் தரப்பட்டதற்கும் தொடர்பில்லாமல் இருப்பதைக் கண்டு குழம்புகிறார். இந்த மருந்துகளில் எது வலுவானது என்பதே பலரும் முதலில் கேட்கும் கேள்வி. மருத்துவர் தேர்வு செய்யும்போதோ, மருந்து ஒரு நாளின் எத்தனை மணி நேரத்துக்கு வேலை செய்ய வேண்டும், உடன் இருக்கும் நோய்கள் எதற்கு இடம் தருகின்றன, சட்டம் எதை விட்டுவைத்திருக்கிறது என்பவையே முன்னால் வந்து நிற்கின்றன.

ஏடிஎச்டி குழந்தைகளின் கோளாறு, வளர்ந்தால் மறைந்துவிடும் என்றுதான் மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 1970களில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பால் வெண்டர் என்ற மனநல மருத்துவர் பெரியவர்களிடமும் இது தொடர்வதை முறையாக ஆராயத் தொடங்கினார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்ற, மனநலக் கோளாறுகளை வரையறுக்கும் கையேடு, 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஆறு அறிகுறிகளுக்குப் பதிலாக ஐந்து போதும் என்றும், அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும் என்றும் வரையறுத்தது. அதற்கு முந்தைய வரம்பு ஏழு வயது. பெரியவர்களில் சுமார் 2.5 விழுக்காட்டினருக்கு இக்கோளாறு இருக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. மருந்துத் தேர்வுக்கு இந்த வரலாறு ஏன் முக்கியம் என்றால், பெரும்பாலான மருந்துகளும் அவற்றின் அளவுகளும் முதலில் பள்ளிக் குழந்தையை மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்டன. வகுப்பறையின் ஆறு மணி நேரத்துக்குக் கவனம் நின்றால் போதும் என்பது அக்காலத்து இலக்கு. பெரியவரின் நாளோ காலையில் வண்டி ஓட்டுவதில் தொடங்கி, அலுவலகம் முடிந்து, வீட்டுக் கணக்கு, பிள்ளைகளின் வீட்டுப்பாடம் என்று இரவு பத்து மணி வரை நீள்கிறது. அவருக்கு இரத்த அழுத்தம் இருக்கலாம், மனச்சோர்வுக்கு ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கலாம், கருத்தரிக்கத் திட்டமிட்டிருக்கலாம், மாலையில் மது அருந்தும் பழக்கம் இருக்கலாம். குழந்தை மருத்துவர் அநேகமாகச் சந்திக்காத சிக்கல்கள் இவை.

இரண்டு ஊக்கி மருந்துகள்

ஏடிஎச்டிக்கான மருந்துகளில் முதன்மையானவை ஊக்கி மருந்துகள் எனப்படும் ஸ்டிமுலன்ட்கள். அவற்றில் இரண்டே குடும்பங்கள்தான் உண்டு: ஆம்ஃபெட்டமின், மெத்தில்ஃபெனிடேட். முதலாவதன் பயன் தற்செயலாகத் தெரியவந்தது. 1937இல் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் குழந்தைகளுக்கான ஒரு மனநலக் காப்பகத்தை நடத்திவந்த சார்லஸ் பிராட்லி, அங்கிருந்த 30 குழந்தைகளுக்கு பென்செட்ரின் என்ற ஆம்ஃபெட்டமின் மருந்தைக் கொடுத்தார். தலைவலிக்கு வழி தேடியபோது கைக்கு வந்த மருந்து அது. தலைவலி தீர்ந்ததோ இல்லையோ, 14 குழந்தைகளின் பள்ளிப் படிப்பில் கண்கூடான முன்னேற்றம் தெரிந்தது. மெத்தில்ஃபெனிடேட்டை 1944இல் ஸ்விட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிசோன் என்ற வேதியியலாளர் உருவாக்கினார். அவருடைய மனைவியின் செல்லப் பெயரான ரீட்டா என்பதிலிருந்தே ரிட்டலின் என்ற வணிகப் பெயர் பிறந்தது.

மூளையின் நரம்பணுக்கள் டோப்பமின், நார்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்களை வெளியிட்டு, வேலை முடிந்ததும் அவற்றைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மெத்தில்ஃபெனிடேட் இந்த உள்ளிழுப்பைத் தடுக்கிறது. ஆகவே அவ்விரு பொருள்களும் நரம்பணுக்களுக்கு இடையே கூடுதல் நேரம் தங்குகின்றன. ஆம்ஃபெட்டமின் உள்ளிழுப்பைத் தடுப்பதோடு நில்லாமல், நரம்பணுவுக்குள் புகுந்து சேமிப்பில் இருப்பதையும் வெளியே தள்ளுகிறது. இந்த வேறுபாட்டினால்தான் ஒரு மருந்துக்குப் பலன் காணாதவர் இன்னொன்றுக்குப் பலன் காண்பது உண்டு. ஒரு குடும்பத்தில் தோல்வி கண்டதும் ஊக்கி மருந்தே எனக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டுவது அவசரம்.

மூளைக்குள் டோப்பமின் எவ்வளவு உயர்கிறது என்பதை விட, எவ்வளவு வேகமாக உயர்கிறது என்பதே போதைக்கும் சிகிச்சைக்கும் இடையிலான கோடு. மூக்கின் வழியாகவோ ஊசியின் வழியாகவோ ஏற்றினால் சில நிமிடங்களில் உச்சத்தைத் தொடும் அதே மருந்து, மாத்திரையாக விழுங்கும்போது மெதுவாக ஏறி மெதுவாக இறங்குகிறது. ஆகவே கடந்த முப்பது ஆண்டுகளில் இந்தத் துறையில் நிகழ்ந்த முன்னேற்றத்தின் பெரும்பகுதி புதிய மருந்தைக் கண்டுபிடிப்பதில் இல்லை. பழைய மருந்தை உடலுக்குள் எப்படி மெதுவாக விடுவது என்பதில்தான் இருக்கிறது.

கான்செர்ட்டா என்ற பெயரில் 2000இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையை இதற்கு உதாரணமாகச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அதன் மேல்பூச்சில் மொத்த மருந்தில் 22 விழுக்காடு இருக்கிறது. அது விழுங்கிய சில நிமிடங்களில் கரையத் தொடங்குகிறது. அதற்கு உள்ளே நீரை மட்டும் ஊடுருவவிடும் உறை ஒன்று; அந்த உறைக்குள் மருந்து இரண்டு அடுக்குகளாகவும், நீர் பட்டால் உப்பும் பொருள் மூன்றாவது அடுக்காகவும் அடைக்கப்பட்டிருக்கின்றன. உறையின் ஒரு முனையில் லேசர் கொண்டு போட்ட நுண்துளை உண்டு. குடலில் உள்ள நீர் உள்ளே புகப் புக மூன்றாவது அடுக்கு உப்பி, மருந்தைத் துளையின் வழியே மணிக்கணக்கில் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. சுமார் 12 மணி நேரம் பலன் நீடிப்பது இவ்வாறே. வேலை முடிந்த வெற்று உறை கரையாமல் மலத்தில் வெளியேறும். அதைப் பார்த்துவிட்டு மாத்திரை உடலில் சேரவே இல்லை என்று பதறி மருத்துவரை அழைப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த அமைப்பின் காரணமாகவே இதை உடைத்தோ, மென்றோ, பொடித்தோ சாப்பிடக் கூடாது. பாதியாக உடைத்தால் கிடைப்பது பாதி அளவு மருந்து அன்று; கட்டுப்பாடு குலைந்து ஒரேயடியாக வெளிப்படும் மருந்து.

லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் வேறொரு வழியைப் பின்பற்றுகிறது. ஆம்ஃபெட்டமினுடன் லைசின் என்ற அமினோ அமிலம் பிணைக்கப்பட்டிருப்பதால், விழுங்கும்போது அது செயலற்ற பொருள். இரத்தச் சிவப்பணுக்கள் அந்தப் பிணைப்பைச் சிறிது சிறிதாக அறுத்த பிறகே அது வேலை செய்யத் தொடங்குகிறது. பெரியவர்களிடம் 14 மணி நேரம் வரை பலன் நீடித்ததாக ஆய்வுகள் காட்டியுள்ளன. பொடித்து உறிஞ்சினாலும் வேகம் கூடாது என்பதால், தவறாகப் பயன்படுத்தும் வாய்ப்பு சாதாரண ஆம்ஃபெட்டமினை விட இதில் குறைவு.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

2018இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளியான ஒப்பீட்டு ஆய்வு 133 சோதனைகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து அலசியது. குழந்தைகளுக்கு மெத்தில்ஃபெனிடேட்டும், பெரியவர்களுக்கு ஆம்ஃபெட்டமின் வகை மருந்துகளும் முதல் தேர்வாக இருக்கலாம் என்பது அதன் முடிவு. பெரியவர்களிடம் மருத்துவர்கள் மதிப்பிட்ட அறிகுறிக் குறைவை ஓர் அளவுகோலில் வைத்தபோது ஆம்ஃபெட்டமினுக்கு 0.79, மெத்தில்ஃபெனிடேட்டுக்கு 0.49, அட்டமாக்ஸெட்டினுக்கு 0.45 என்ற மதிப்புகள் கிடைத்தன. புள்ளியியலில் 0.5 என்பது நடுத்தரப் பலன், 0.8 என்பது பெரிய பலன். மனநல மருத்துவத்தில் புழங்கும் பல மருந்துகள் இந்த அளவை எட்டுவதில்லை.

ஆனால் இந்த எண்களைப் பந்தய முடிவைப் போல வாசிக்கக் கூடாது. இவை பன்னிரண்டு வார அளவில் எடுக்கப்பட்ட சராசரிகள். ஒரு தனி மனிதருக்கு எது ஒத்துவரும் என்பதைச் சராசரி சொல்லாது. மேலும், இத்தகைய சோதனைகளில் சேர்க்கப்படுபவர்கள் பெரும்பாலும் வேறு நோய் ஏதும் இல்லாதவர்கள். மருத்துவமனைக்கு வருபவர்களோ அப்படி இருப்பதில்லை. இதே இதழில் 2025இல் வந்த இன்னொரு ஒப்பீடு, பெரியவர்களை மட்டும் ஆராய்ந்த 113 சோதனைகளை எடுத்துக்கொண்டது. நோயாளிகளின் கணிப்பிலும் மருத்துவர்களின் கணிப்பிலும் ஒருசேர அறிகுறிகளைக் குறைத்தவை ஊக்கி மருந்துகளும் அட்டமாக்ஸெட்டினும் மட்டுமே என்று அது கண்டது. ஆனால் வாழ்க்கைத் தரம் மேம்பட்டதற்கு வலுவான சான்று எந்த மருந்துக்கும் கிடைக்கவில்லை. விளம்பரத்திலும் சமூக ஊடகக் காணொளிகளிலும் சொல்லப்படாத பகுதி இது. மருந்து கவனத்தை நிலைநிறுத்த உதவும். பத்தாண்டுகளாகச் சேர்ந்துவிட்ட கடனையும், முறிந்த உறவையும், பாதியில் நின்ற படிப்பையும் அதுவே வந்து சரிசெய்துவிடாது.

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018இல் தந்த வரிசை எளிமையானது. பெரியவர்களுக்கு லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் அல்லது மெத்தில்ஃபெனிடேட்டில் தொடங்க வேண்டும். போதிய அளவில் ஆறு வாரம் கொடுத்தும் பலன் போதவில்லை என்றால் மற்றதற்கு மாற வேண்டும். இரண்டும் பயன்தரவில்லை அல்லது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அட்டமாக்ஸெட்டின். இந்த வரிசையை அப்படியே இந்தியாவுக்குக் கொண்டுவர முடியாது.

இந்தியச் சட்டமும் இரண்டு பிரதிச் சீட்டும்

ஆம்ஃபெட்டமினும் மெத்தில்ஃபெனிடேட்டும் 1971ஆம் ஆண்டு ஐ.நா. உளப்பாதிப்புப் பொருள்கள் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இடம்பெற்றவை. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இரண்டையும் கட்டுப்படுத்துகிறது. அமெரிக்காவில் பலர் அன்றாடம் உட்கொள்ளும் ஆம்ஃபெட்டமின் மாத்திரைகள் இந்திய மருந்துக்கடைகளில் கிடைப்பதில்லை, லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமினும் அப்படியே. எஞ்சியிருக்கும் ஒரே ஊக்கி மருந்து மெத்தில்ஃபெனிடேட்.

அதுவும் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் விதிகளின் எக்ஸ் அட்டவணையில் உள்ளது. இந்த அட்டவணை மருந்துகளை விற்கக் கடைக்காரர் தனி உரிமம் பெற வேண்டும். சரக்கைப் பூட்டி வைக்க வேண்டும். மருத்துவர் சீட்டை இரண்டு பிரதிகளாக எழுத வேண்டும். அவற்றில் ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். விளைவு என்ன என்பதை மாதாமாதம் இம்மருந்தை வாங்குபவர்கள் அறிவார்கள். தெருமுனைக் கடையில் பெயரைச் சொன்னதும் கடைக்காரர் சீட்டை ஒருமுறை, ஆளை ஒருமுறை பார்த்துவிட்டு இல்லை என்பார். சங்கிலிக் கடைகளிலும் எல்லாக் கிளைகளிலும் இருக்காது. பெரும்பாலும் மருந்தை எழுதிய மனநல மருத்துவமனையின் உள்கடையிலோ, பெரிய அரசு மருத்துவமனைக்கு அருகிலுள்ள ஒன்றிரண்டு கடைகளிலோதான் கிடைக்கும். மாவட்டத் தலைநகரைத் தாண்டி வாழ்பவருக்கு மாதம் ஒரு நாள் பயணம் இதற்கே போய்விடும். கவனத்தையும் திட்டமிடலையும் குலைக்கும் ஒரு கோளாறுக்கான மருந்தைப் பெற, கவனமும் திட்டமிடலும் இவ்வளவு தேவைப்படுவது நோயாளிகள் கசப்போடு சுட்டிக்காட்டும் முரண். 2020இல் வெளியிடப்பட்ட தொலைமருத்துவ நெறிமுறைகளும் எக்ஸ் அட்டவணை மருந்துகளைக் காணொளி ஆலோசனையின் வழியே எழுதத் தடை விதிக்கின்றன. ஆகவே செயலிகள் வழியாக ஆலோசனை பெறுபவர்களுக்கு எழுதப்படுவது பெரும்பாலும் அட்டமாக்ஸெட்டினாகவே இருக்கிறது.

சட்டத்தின் கடுமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தேர்வுக் காலத்தில் நண்பரிடம் மாத்திரை வாங்கி விழித்திருக்கும் மாணவர் பழக்கம் மேலைநாடுகளில் நன்கு அறியப்பட்ட சிக்கல். ஆனால் கடைக்காரருக்கு எளிது என்பதற்காக ஒரு மருந்தை முதலில் எழுதுவதும், நோயாளிக்குப் பொருந்தும் என்பதற்காக எழுதுவதும் வேறு வேறு. மருத்துவர் எந்தக் காரணத்துக்காக எழுதுகிறார் என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு.

அமெரிக்காவிலிருந்து திரும்பும் மென்பொருள் பணியாளர்களுக்கு இது வேறு வடிவில் வருகிறது. அங்கே ஆம்ஃபெட்டமினில் நிலைபெற்றிருந்தவர் இங்கே மெத்தில்ஃபெனிடேட்டுக்கு மாற வேண்டும். இத்தனை மில்லிகிராமுக்கு இத்தனை என்று கணக்குப் போட்டு மாற்றும் துல்லியமான வாய்ப்பாடு எதுவும் இல்லை. குறைந்த அளவில் தொடங்கி மீண்டும் ஏற வேண்டியதுதான். கையிருப்போடு பயணம் செய்வதிலும் ஆபத்து உண்டு. ஆம்ஃபெட்டமின் அடங்கிய மாத்திரைகளைச் சீட்டு இருந்தாலும் ஜப்பானுக்குள் கொண்டுசெல்ல முடியாது. ஐக்கிய அரபு அமீரகத்துக்குக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்தைக் கொண்டுசெல்ல முன் அனுமதி பெற வேண்டும். பயணத்துக்கு முன் அந்தந்த நாட்டுத் தூதரகத்தில் எழுத்துபூர்வமாகக் கேட்டுக்கொள்வது மருந்துப்பெட்டியைப் போலவே கட்டாயம். தாராளமாகக் கிடைக்கும் நாடுகளிலும் கிடைப்பது எப்போதும் உறுதியில்லை: 2022 அக்டோபரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஆம்ஃபெட்டமின் மாத்திரைகளுக்குத் தட்டுப்பாடு என்று அறிவித்தது. 2023 செப்டம்பரில் பிரிட்டனும் பல ஏடிஎச்டி மருந்துகளுக்கு இத்தகைய எச்சரிக்கையை வெளியிட்டது.

ஊக்கி அல்லாத மருந்துகள்

அட்டமாக்ஸெட்டின் 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஊக்கி வகையைச் சேராத முதல் ஏடிஎச்டி மருந்து அதுவே. நார்அட்ரினலின் உள்ளிழுப்பைத் தடுப்பது அதன் வேலை. போதைப் பழக்கத்துக்கு இடமளிக்காது. கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லை. நாள் முழுவதும், இரவு உட்பட, பலன் சீராக இருக்கும். குறை என்னவென்றால் பொறுமை வேண்டும். மெத்தில்ஃபெனிடேட் எடுத்த முதல் நாளே மாற்றம் தெரியக்கூடும். அட்டமாக்ஸெட்டினுக்கு நான்கு முதல் ஆறு வாரங்கள், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். பக்க விளைவுகளோ முதல் வாரத்திலேயே வந்து நிற்கும்: குமட்டல், வாய் உலர்தல், பசியின்மை, சிறுநீர் கழிப்பதில் தடங்கல், ஆண்களுக்குப் பாலுறவுச் சிக்கல். கடைசி இரண்டைப் பற்றி நோயாளிகள் வாய் திறப்பதில்லை, மருத்துவர்களும் கேட்பதில்லை. மருந்து சத்தமில்லாமல் கைவிடப்படுகிறது. வெறும் வயிற்றில் விழுங்காமல் உணவுக்குப் பின் எடுத்துக்கொள்வதும், 40 மில்லிகிராமில் தொடங்கி அவசரமில்லாமல் 80க்கு ஏறுவதும் குமட்டலைப் பெருமளவு குறைக்கும்.

இதில் மருந்தாளுநரும் நோயாளியும் கட்டாயம் அறிய வேண்டிய இடம் ஒன்று உண்டு. அட்டமாக்ஸெட்டினை உடைத்து வெளியேற்றுவது கல்லீரலில் உள்ள சி.ஒய்.பி. 2டி6 என்ற நொதி. மனச்சோர்வுக்குப் பரவலாகத் தரப்படும் ஃபுளுவாக்ஸெட்டினும் பராக்ஸெட்டினும் இதே நொதியை முடக்குகின்றன. பிறப்பிலேயே இந்நொதி வேலை செய்யாதவர்களின் இரத்தத்தில் அட்டமாக்ஸெட்டினின் அளவு மற்றவர்களை விடப் பத்து மடங்கு வரை உயர்கிறது; ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர் அப்படிப்பட்டவர்கள். ஃபுளுவாக்ஸெட்டின் எடுக்கும் ஒருவருக்குச் சாதாரண வேகத்தில் அட்டமாக்ஸெட்டினை ஏற்றினால், வேண்டியதை விடப் பன்மடங்கு அளவு ஏற்றியதாகிவிடலாம். இரண்டு வெவ்வேறு மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்று, ஒருவர் எழுதியதை மற்றவரிடம் சொல்லாமல் விடுவதால் வரும் வினை இது.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்க்கலாம். விலாக்ஸசின், ஒரு காலத்தில் ஐரோப்பாவில் மனச்சோர்வுக்குப் பயன்பட்டுப் பின் வழக்கொழிந்த மருந்து. மறுபிறவி எடுத்து 2022இல் அமெரிக்காவில் பெரியவர்களின் ஏடிஎச்டிக்கு அனுமதி பெற்றது. காபியில் உள்ள காஃபீனை உடல் வெளியேற்றுவதை அது வெகுவாகத் தடுப்பதால், ஒரு டம்ளர் காபி பல டம்ளர்களின் வேலையைச் செய்துவிடும். புப்ரோபியான் மனச்சோர்வும் ஏடிஎச்டியும் சேர்ந்திருப்பவர்களுக்கும், புகைப்பதை நிறுத்த விரும்புபவர்களுக்கும் பயன்படலாம். வலிப்பு வந்தவர்களுக்கு ஆகாது. குவான்ஃபசின், குளோனிடின் ஆகியவை முக்கியமாகக் குழந்தைகளுக்கானவை; ஜப்பான் மட்டும் 2019இல் குவான்ஃபசினைப் பெரியவர்களுக்கும் அனுமதித்தது. தூக்கத்தை விரட்டும் மோடாஃபினிலைக் கவனத்துக்கான மாத்திரை என்று இணையத்தில் புகழ்பவர்கள் ஏராளம். பெரியவர்களின் ஏடிஎச்டிக்கு அது மருந்தே இல்லாத போலி மாத்திரையை விட மேலானது என்று மேற்சொன்ன 2018 ஒப்பீடு காட்டவில்லை.

யாருக்கு எது?

நடைமுறையில் தேர்வைத் திருப்பிவிடுவது உடன் இருக்கும் நோய்தான். கடும் பதற்றக் கோளாறு இருப்பவருக்கு அட்டமாக்ஸெட்டினைப் பலர் விரும்புகிறார்கள். எனினும் கவனச்சிதறலால் விளைந்த பதற்றம் ஊக்கி மருந்தாலேயே தணிவதும் உண்டு. இருமுனைக் கோளாறு இருந்தால் மனநிலையைச் சமன்படுத்தும் மருந்தை முதலில் நிலைநிறுத்திய பிறகே ஏடிஎச்டி மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். வரிசை மாறினால் மேனியா எனப்படும் மிகையெழுச்சி நிலை தூண்டப்படலாம். முன்பு சைக்கோசிஸ் எனப்படும் மனப்பிறழ்வு ஏற்பட்டவர்களுக்கும், நெருங்கிய உறவினரிடம் அது உள்ளவர்களுக்கும் கூடுதல் எச்சரிக்கை தேவை. 13 முதல் 25 வயது வரையிலான அமெரிக்கர்களிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், ஊக்கி மருந்து தொடங்கியவர்களில் சுமார் 660 பேருக்கு ஒருவருக்குப் புதிதாக மனப்பிறழ்வு வந்தது; ஆம்ஃபெட்டமினில் அதன் விகிதம் மெத்தில்ஃபெனிடேட்டை விட இரு மடங்கு. இந்த ஒரு விஷயத்தில், இந்தியருக்குச் சட்டம் விட்டுவைத்த மருந்து பாதுகாப்பானதாகவே அமைந்துவிட்டது.

குடி அல்லது போதைப் பழக்கத்திலிருந்து மீண்டுகொண்டிருப்பவருக்கு அட்டமாக்ஸெட்டின் அல்லது நீண்ட நேரம் வேலை செய்யும் மெத்தில்ஃபெனிடேட். கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, தைராய்டு மிகைச் சுரப்பு இருந்தால் அவற்றைச் சரிசெய்வது முதல் வேலை. ஊக்கி மருந்து, அட்டமாக்ஸெட்டின் இரண்டுமே நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் சற்று உயர்த்தக்கூடியவை என்பதால், அட்டமாக்ஸெட்டினுக்கு மாறிவிட்டால் இதயத்தைப் பற்றிய கவலை இல்லை என்று எண்ணுவதற்கில்லை. இதய நோய் வரலாறும், குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணமும், பரிசோதனையில் குறையும் இல்லாதவருக்கு இ.சி.ஜி. கட்டாயமில்லை என்பது நைஸின் நிலைப்பாடு. நம் ஊரில் பல மருத்துவர்கள் முன்னெச்சரிக்கையாக எடுத்துவிடுகிறார்கள், அதில் தவறும் இல்லை. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடாமல் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுவது நல்லது. நிறுத்துவதற்கும் விலை உண்டு: வண்டி ஓட்டுதல், வேலை, மனநிலை எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

மருந்தைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான். அளவைக் கண்டடைவது மீதி. மெத்தில்ஃபெனிடேட்டின் சாதாரண மாத்திரை மூன்று அல்லது நான்கு மணி நேரமே வேலை செய்யும். காலை எட்டரைக்கு ஒன்று, மதியம் ஒன்று என்று எடுப்பவருக்கு மாலை நான்கு மணியளவில் மருந்து இறங்கும்போது எரிச்சலும் சோர்வும் பொங்கி வரும். அந்த எரிச்சல் வீட்டில் உள்ளவர்கள்மீது பாயும்போது, மருந்து ஆளையே மாற்றிவிட்டது என்று குடும்பம் முடிவு கட்டுகிறது. பெரும்பாலும் பழி மருந்தைச் சேராது, நேரத்தைத்தான் சேரும். நீண்ட நேர வடிவத்துக்கு மாறுவதோ, பிற்பகலில் சிறிய அளவு ஒன்றைச் சேர்ப்பதோ அதைத் தீர்க்கக்கூடும். முதல் சில வாரங்களில் மாத்திரை எடுத்த நேரம், வேலை ஓடத் தொடங்கிய நேரம், இறங்கிய நேரம், சாப்பிட்டது, தூங்கியது ஆகியவற்றை ஒரு நாட்காட்டியில் குறித்துவந்தால், மருத்துவர் அளவை மாற்றுவதற்கு அதைவிடச் சிறந்த ஆதாரம் இல்லை. வாழ்க்கைத் துணையோ உடன் பணிபுரிபவரோ கவனித்ததையும் கேட்டுக் குறிக்க வேண்டும். தன் கவனம் எவ்வளவு மேம்பட்டது என்பதைத் தானே மதிப்பிடுவது இக்கோளாறு உள்ளவருக்குக் கடினம். பசியின்மைக்கு, மருந்து ஏறும் முன் காலை உணவை முடித்துக்கொள்வது உதவும். அளவு கூட்டப்படும் வாரங்களில் ஃபில்டர் காபியைக் குறைக்காவிட்டால், படபடப்பு மருந்தால் வந்ததா காபியால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது.

நீண்ட காலப் பயன்பாட்டைப் பற்றிய தெளிவான தரவுகள் பெரும்பாலும் ஸ்வீடனிலிருந்து வருகின்றன. அந்நாட்டின் தேசியப் பதிவேடுகள் ஒருவர் வாங்கிய மருந்தையும் பெற்ற சிகிச்சையையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து காட்டுகின்றன. அங்கு ஏடிஎச்டி உள்ள 1,48,578 பேரைப் பின்தொடர்ந்து 2024இல் வெளியான ஆய்வு, நோய் கண்டறியப்பட்டதும் மருந்து தொடங்கியவர்களிடம் அடுத்த இரண்டு ஆண்டுகளில் இறப்பு விகிதம் குறைவாக இருப்பதைக் கண்டது: பத்தாயிரம் பேருக்கு 39, தொடங்காதவர்களிடம் 48. இன்னொரு ஸ்வீடன் ஆய்வு, மருந்து எடுக்கும் ஒவ்வோர் ஆண்டும் இதய இரத்தநாள நோய்க்கான வாய்ப்பை ஏறத்தாழ 4 விழுக்காடு கூட்டுவதாகவும், அதில் இரத்த அழுத்த உயர்வே முன்னிற்பதாகவும் காட்டியது. அமெரிக்காவில் 2017இல் வெளியான ஆய்வில், ஒரே ஆணிடம் மருந்து எடுத்த மாதங்களில் சாலை விபத்துகள் மருந்து எடுக்காத மாதங்களை விட 38 விழுக்காடு குறைவாக இருந்தன. பெண்களிடம் 42 விழுக்காடு. இவை எவையும் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனைகள் அல்ல. காரணமும் விளைவும் இவற்றில் முழுமையாகப் பிரிந்து நிற்பதில்லை. ஆயினும் ஒரே திசையைக் காட்டும் இரண்டு முடிவுகளும், எதிர்த்திசையைக் காட்டும் ஒன்றும் சேரும்போது, மருந்தை ஒதுக்குவதற்கான காரணத்தை விட, எடுப்பவரின் இரத்த அழுத்தத்தைத் தவறாமல் அளப்பதற்கான காரணமே எனக்கு அதிகமாகத் தெரிகிறது.

நைஸ் இதற்குக் கால அட்டவணையே தந்திருக்கிறது. அளவை மாற்றும் ஒவ்வொரு முறையும், பின்னர் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அளக்க வேண்டும். உடல் எடையையும் பார்த்து வர வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை மருந்து இன்னும் தேவைதானா என்று ஆராய வேண்டும், தேவைப்பட்டால் அளவைக் குறைத்தோ சில நாள் நிறுத்தியோ பார்க்க வேண்டும். நம் ஊரில் மாதச் சீட்டைப் புதுப்பிப்பதற்காக ஐந்து நிமிடம் மட்டும் மருத்துவரைப் பார்ப்பவர்கள் அநேகர். அந்த ஐந்து நிமிடத்தில் இரத்த அழுத்தக் கருவியைக் கையில் சுற்றச் சொல்லிக் கேட்பதும், வீட்டில் குறித்த நாட்காட்டியை மேசைமீது வைப்பதும் நோயாளியின் பக்கத்திலிருந்தே தொடங்கலாம்.